பந்து பொறுக்கியவர் பயிற்றுநர் ஆன கதை

நல்ல பயிற்றுநர் ஒருவர் முன்பு நட்சத்திர ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா? இதுதான் இன்றைய களத்தின் கேள்வி. தேவையில்லை என்பது என் கட்சி. எனக்குச் சாட்சி, அமெரிக்க பேஸ்பால் பயிற்றுநர் டாம் ஹவுஸ்.

1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. ஹேங்க் ஏரன் தமது 715ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் சாதனையை முறியடிக்கிறார். (ஹோம் ரன் என்றால் கிரிக்கெட்டின் சிக்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.) எல்லைக்கு அப்பால் விழுந்த அந்தப் பந்தைப் பிடித்து, ஓடிப்போய் ஏரனிடம் கொடுத்தவர் ஹவுஸ். அதே அணியின் பந்துவீச்சாளர்தான். 1971 முதல் 1978 வரை ஆடியவரை, பிறர் அடித்த பந்துக்காகத்தான் ஊர் நினைவில் வைத்திருந்தது!

அந்தக் காலத்தில் தாம் ஊக்கமருந்து எடுத்ததையும், உடல் எடை கூடி முழங்கால் கெட்டதையும் 2005இல் அவரே ஒப்புக்கொண்டார். மறைத்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? என் மதிப்பில் அவர் உயர்ந்தது அங்கேதான்.

1985இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்றுநரானார். மனோவியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர், வீச்சாளர்களிடம் முட்டை வடிவிலான அமெரிக்கக் கால்பந்தைக் கொடுத்து எறியச் சொன்னார். பலரும் சிரித்தார்கள். ஆனால் கை சரியாக வந்தால்தான் அந்தப் பந்து தள்ளாடாமல் சுழன்று போகும். தப்பை எறிபவரே கண்டுகொள்வார். அங்கே 1989இல் வந்து சேர்ந்த நோலன் ரையன், 44 வயதில், 1991இல், எதிரணிக்கு ஒரு 'ஹிட்'கூடக் கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். அவருக்கு அது ஏழாவது முறை.

2008இல் இந்தியாவில் ஒரு திறன் தேடல் போட்டி. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் தேர்வாகி ஹவுஸிடம் வந்தார்கள். பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. ஆங்கிலமும் சரியாக வராது. சில மாதப் பயிற்சிதான். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

2014இல் வந்த திரைப்படம் கிட்டத்தட்ட இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. வாழ்க்கை முடியவில்லை. 2010இல் தினேஷை அணி விடுவித்தது. ரிங்கு காயங்களோடு போராடினார். இருவருமே முதல் நிலை லீக்கை எட்டவில்லை. 'அப்படியானால் பயிற்றுநர் தோற்றார்தானே?' என்று எதிரணி நண்பர் கேட்கத் தயாராக இருக்கிறார், தெரிகிறது. ஐயா, 2009 ஜூலையில் ரிங்கு கீழ்நிலை லீக் ஆட்டம் ஒன்றில் வெற்றி வீச்சாளரானார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இந்தியர் ஒருவருக்கு அதுவே முதல் வெற்றி. பந்தையே பார்த்திராத பையன். இப்போது கேளுங்கள்.