கொடியின் கீழ் ஒரு மூலிகை

ஜெர்மனி தேசத்துச் சார் நதிக்கரையின் செங்குத்தான சரிவுகளில், மழைக்கு மண் அரித்துப் போகாதிருக்கும் பொருட்டும், உழவருக்கு இரண்டாவது வருமானம் கிட்டும் பொருட்டும், திராட்சைக் கொடிகளின் அடியில் தைம், ஓரிகானோ ஆகிய மூலிகைகளை நட்டு, திரியர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். ஓரிகானோவின் வாசனை நம் கற்பூரவள்ளியை ஒத்தது. கொடியின் கீழ் மண் வெறுமனே கிடக்க வேண்டியதில்லை; இதுவே செய்தி.

நம் கம்பம் பள்ளத்தாக்கில், 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை பந்தலில் படர்வதால், அதன் கீழே நிழல் அடர்த்தி. வெயில் விரும்பும் தைம் அங்கே பிழைக்காது. ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும்: பூச்சிமருந்து தெளிக்கும் பந்தலின் கீழ் பறித்த இலை, எத்துணை உயர்ந்த மூலிகையாயினும், ஔஷதமாகாது.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் அன்பர்களே, உங்கள் கொல்லையில் மருந்து தெளிக்காத அவரைப் பந்தல் இருக்குமானால், வெறுமனே கிடக்கும் அதன் ஓரத்தில், சிறிது வெயில் விழுமிடத்தில், கற்பூரவள்ளிக் கொம்பொன்றை ஒடித்து ஊன்றுங்கள். வேர் பிடித்துவிடும். தண்ணீர் மட்டும் தேங்கலாகாது.