முதலாண்டு இயற்பியலும் நாமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஆண்டில் படித்தவர்களாக இருந்தாலும், நாம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் தவறாமல் வந்து நிற்கும் பேச்சு அது. முதலாண்டு இயற்பியல் தாள்!

நான் 2004-ல் இயந்திரவியல் பிரிவில் சேர்ந்தேன். பிளஸ் டூவில் இயற்பியலில் 200-க்கு 180, 190 என்று வாங்கியவர்கள்தான் அன்று வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். முதல் உள்தேர்வு விடைத்தாள் கைக்கு வந்த அன்று விடுதியில் சத்தமே இல்லை. மெஸ்ஸில் இரண்டாவது தோசை கேட்க ஆளில்லை. "நமக்கு மூளை போயிடுச்சா, இல்ல எப்பவுமே இல்லையா?" என்று அறை நண்பன் ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மூளை எங்கும் போகவில்லை. காரணங்கள் வேறு. எனக்குத் தெரிந்தவரை மூன்று.

ஒன்று, பள்ளியில் நாம் படித்தது விடைகளை. புத்தகத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளை மனப்பாடம் செய்தால் போதும். கல்லூரியில் கேள்வி கொஞ்சம் திரும்பி நின்றாலே நமக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

இரண்டு, கணிதம். இயற்பியல் ஆசிரியர் வகைக்கெழுச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவார். கணித ஆசிரியர் அந்தப் பாடத்துக்கு வந்துசேர இன்னும் இரண்டு மாதம் இருக்கும். இருவர் மேலும் குற்றமில்லை. அவரவர் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரம் அவரவருக்கு.

மூன்று, மொழி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வகுப்பில் காஞ்சிபுரத்து நண்பன் ஒருவன் இருந்தான். அப்பா தறி நெய்பவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. தகைவு, திரிபு, விறைப்புக் குணகம் எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே விஷயம் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் என்று வந்தபோது திகைத்துப் போனான். "மொமென்ட்டுன்னா ஒரு நிமிஷம்னுதானே அர்த்தம்? அப்புறம் மொமென்ட் ஆஃப் இனர்ஷியான்னா என்னடா?" என்று கேட்டான். நாங்கள் சிரித்தோம். ஆனால் சிரித்த எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மீள்தன்மை எல்லை என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்ததும் அவன்தான். "பாவு நூலை இழுத்துவிட்டா பழைய நீளத்துக்கு வந்துடும். ஒரு அளவுக்கு மேல இழுத்துட்டா வராது. அந்த அளவுதான்டா எல்லை" என்றான். எங்கள் பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம் எடுத்துக்கொண்ட செய்தி இது!

அவன் அந்தத் தாளில் இறுதியாண்டில்தான் தேறினான். முடிவு வருவதற்குள் வளாக நேர்காணல்கள் முடிந்துவிட்டன. 'நிலுவைத் தாள் இருப்பவர்கள் வரவேண்டாம்' என்ற ஒற்றை வரி அறிவிப்பை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் பயிற்சிப் பொறியாளர்களாகச் சேர்ந்தபோது அவன் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். மேலே வர அவனுக்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். "பேரைச் சொல்லாத, கதையைச் சொல்லு" என்றான்.

நண்பர்களே, இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தம் மாணவர்களுக்கு மிக எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்தார். அந்த வகைக் கேள்விகளில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த காட்சி. ஒரு கனரக லாரியும் ஒரு சின்னக் காரும் மோதிக்கொள்கின்றன. யார் மேல் அதிக விசை? நம் பெங்களூர் நெடுஞ்சாலையில் நின்று யாரைக் கேட்டாலும் "கார் மேலதான்" என்பார்கள். கல்லூரி மாணவர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். இரண்டின் மேலும் சம விசை என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதி எல்லோருக்கும் மனப்பாடம். கார் நசுங்குவது விசை அதிகம் என்பதால் அல்ல, அதே விசையைத் தாங்கும் நிறையும் கட்டுமானமும் சிறியவை என்பதால். இது மட்டும் விளங்குவதில்லை. ஹார்வர்டு மாணவி ஒருவர் மசூரிடம், நீங்கள் சொல்லித் தந்தபடி எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாராம்!

மசூர் பாடம் நடத்தும் முறையை மாற்றினார். ஒரு கேள்வியைப் போட்டு, "பக்கத்தில் இருப்பவரோடு விவாதியுங்கள்" என்று விட்டுவிட்டார். புரிந்துகொண்ட மாணவர், புரியாத மாணவருக்கு ஆசிரியரைவிட நன்றாக விளக்கினார். ஏனென்றால் எந்த இடத்தில் தடுக்கியது என்பது அவருக்கு நேற்றுவரை தெரியும். 1998-ல் ரிச்சர்டு ஹேக் என்பவர் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் தேர்வு விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். மாணவர்கள் பேசிச் செய்து கற்ற வகுப்புகளில் கிடைத்த முன்னேற்றம், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. காஞ்சிபுரத்து நண்பன் விடுதித் திண்ணையில் பாவு நூலை வைத்து எனக்குச் செய்ததும் இதுதானே?

"இந்த இயற்பியலெல்லாம் வேலைக்கு ஆகுமாண்ணா?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். உங்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து சாலையைப் பாருங்கள். லீ வட்டு வைத்து, வெப்பம் எளிதில் கடத்தாத பொருளை அளக்கிறீர்களே, ரப்பர் அந்த வகைதான். ஒரகடம் டயர் தொழிற்சாலையில் லாரி டயரை அச்சுக்குள் கார் டயரைவிட அதிக நேரம் வேகவைக்க வேண்டியிருப்பது, தடித்த ரப்பரின் நடுவரை வெப்பம் போய்ச்சேர நேரமாவதால். முறுக்கு ஊசலில் கம்பியை முறுக்குகிறீர்களே, மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லை அமுக்கும்போது அதன் கம்பிக்குள் நடப்பதும் முறுக்கல்தான். சட்டத்தின் நடுவில் எடை தொங்கவிட்டு யங் குணகம் காண்கிறீர்கள். அந்தச் சூத்திரத்தில் தடிமனுக்கு மும்மடி வருகிறது. சட்டத்தின் தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். லாரியின் பட்டைவில்லை வடிவமைப்பவருக்கு அந்த மும்மடி சோறு போடுகிறது. காற்று ஆப்பில் சோடியம் விளக்கின் கீழ் எண்ணுகிறீர்களே பட்டைகள், அதே வகைப் பட்டைகளைப் பார்த்துத்தான் எங்கள் தரக்கட்டுப்பாட்டு அறையில் அளவுக்கட்டைகளின் சமதளத்தைச் சோதிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் படிக்கும்போது, 2006-ல், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது. ஊரே திரண்டு போனது. 2014-ல் மூடிவிட்டார்கள். நிறுவனங்கள் வரும், போகும். ஒரு கருவியை மட்டும் இயக்கத் தெரிந்தவர் அந்தக் கருவியோடு நின்றுவிடுகிறார். அது ஏன் இயங்குகிறது என்று தெரிந்தவர் அடுத்த வாசலில் போய் நிற்க முடியும்.

இன்றைய மாணவர்களின் சுமை எங்களுடையதைவிடக் கூடுதல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் குவாண்டம் இயக்கவியலுக்கு மட்டும் இரண்டு அலகுகள் இருக்கின்றன. 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும் இருக்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் வாசலைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே வந்த பிள்ளை முதலாண்டிலேயே இடறி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும்தான் வேலை பார்க்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணி நேரம். சொற்பொழிவு வேண்டாம். உங்கள் ஆலையிலிருந்து அனுமதி பெற்று ஒரு கழிவு சுருள்வில்லோ, ஒரு துண்டு ரப்பரோ கொண்டுவாருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் தமிழில் சண்டை போட்டு விடை காணட்டும். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். முதல் சனிக்கிழமைக்கு என் காஞ்சிபுரத்து நண்பன் வருகிறான். இன்று அவன் உற்பத்திப் பிரிவில் பொறுப்பாளர். புதிதாக வரும் பயிற்சியாளர்களுக்கு, "பிடியை நீட்டினா கை பலம் கம்மியா போதும்" என்று டார்க் ரென்ச்சைக் கையில் கொடுத்துத் திருப்புவிசை சொல்லித் தருகிறான்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. புரியாத இடத்தில் கையைத் தூக்குங்கள். யாராவது சிரித்தால், "சரி, நீங்க சொல்லுங்க" என்று அவரையே கேளுங்கள். அவருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது. இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கலாம்.

வரவேற்பு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வரக்கூடிய சனிக்கிழமையைக் குறித்து, பெயரை எழுதிவிட்டுப் போகுமாறு முன்னாள் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.