எந்த ஊருக்குக் குடிபோவது?



திருவண்ணாமலைப் பக்கம் மழை பொய்த்தால் பலர் வேலை தேடிப் புறப்படுகிறார்கள். ஒரு பக்கம் சென்னை. இன்னொரு பக்கம் பெங்களூர். இரண்டுமே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம்தான். எங்கே போவது?

"பெங்களூர் போயிடலாம். குளுகுளுன்னு இருக்கும்" என்பார் கொத்தனார் வேலை செய்யும் கணவர். "குளிர்ச்சி வயித்தை நிரப்புமா? செலவைச் சொல்லுங்க" என்பார் சித்தாள் வேலைக்குப் போகும் மனைவி. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் குளிர்ச்சியைப் பார்ப்போம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் வெப்பம் குறையும். சென்னை கடலோரம். அங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது. புழுங்கும். வெயிலில் செங்கல் சுமப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. மயங்கி விழுந்தால் அன்றைய கூலி போகும். சில சமயம் உயிரே போகும்.

ஆனால் பெங்களூரிலும் வெயில் உண்டு. 2016 ஏப்ரலில் அங்கே 39 டிகிரியைத் தாண்டியது. தகரக் கூரையின் கீழ் குடியிருந்தால் எந்த ஊரும் சூடுதான்.

அடுத்தது செலவு.

வாடகை: பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் உண்டு. வாடகை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் 40,000 ரூபாய். அதை மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினால், மாதம் 1,200 ரூபாய் வட்டி. அப்படியானால் கையை விட்டுப் போவது 4,000 அல்ல, 5,200 ரூபாய்!

தண்ணீர்: பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேறி வருகிறது. குழாய் போகாத இடத்தில் போர் தண்ணீர்தான். 2024 கோடையில் பல போர்கள் வற்றின. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். சென்னையும் 2019 கோடையில் இதே பாடு பட்டது. சென்னையில் தாழ்வான இடமாக இருந்தால் வெள்ளப் பயமும் உண்டு.

பஸ்: தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. கர்நாடகத்திலும் 2023 முதல் அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தது. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அட்டையைக் காட்ட வேண்டும்.

ரேஷன்: தமிழ்நாட்டுக் கார்டுக்குக் கிடைக்கும் பருப்பும் பாமாயிலும் பெங்களூரில் கிடைக்காது. அரிசியும் எல்லாக் கார்டுக்கும் கிடைக்காது. புறப்படும் முன்பே ரேஷன் கடையில் கேளுங்கள்.

பள்ளிக்கூடம்: பிள்ளைகள் கன்னடம் படிக்க வேண்டி வரும். நடு வருஷத்தில் பள்ளி மாற்றினால் படிப்பு கெடும்.

சரி, எப்படி முடிவு செய்வது? ஒரு தாளை எடுங்கள். நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூர். முதலில் கூலியை எழுதுங்கள். மழை நாளில் கட்டட வேலை நிற்கும். ஆகவே 30 நாளுக்குக் கணக்குப் போடாதீர்கள். 20 நாளுக்குப் போடுங்கள். வாடகை, வட்டி, தண்ணீர், பஸ், சாப்பாடு, வைத்தியம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவது எவ்வளவு? கூலி எவ்வளவு என்பதை விட இதுதான் முக்கியம். மிச்சம் ஒன்றுபோல் இருந்தால், உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் ஊரே நல்ல ஊர்.

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இதை எழுதுங்கள். ஒருவர் முன்னால் போய் வீட்டையும் தண்ணீரையும் பார்த்து வரட்டும். அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது அல்லவா?