வைத்தியசாலை சென்று மீண்ட பூனை

வீட்டில் இரண்டு மூன்று பூனைகளை வளர்ப்போர் பலர் கண்டு திகைத்திருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பல ஆண்டுகள் ஒரே தட்டில் உண்டு, ஒரே சாக்கில் உறங்கிய பூனைகளுள் ஒன்று நோயுறுகிறது. அல்லது கருத்தடைச் சத்திரசிகிச்சைக்காக மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லப்படுகிறது. மாலையில் அது வீடு திரும்பியதும் மற்றது ஓடிவந்து வரவேற்கும் என வீட்டார் எதிர்பார்க்கின்றனர். நிகழ்வதோ வேறு. வீட்டிலிருந்த பூனை முகர்ந்து பார்க்கிறது; மயிர் சிலிர்த்துச் சீறுகிறது; சில வேளைகளில் நோயாளியின்மேற் பாய்ந்து பிறாண்டவும் செய்கிறது.

‘நன்றி கெட்ட பிராணி’ என்று வீட்டார் ஏசுகின்றனர், சிலர் அடிக்கின்றனர். சண்டை சில நாள் நீடித்தால், இரண்டில் ஒன்றைச் சாக்கிலிட்டுச் சந்தையடியில் விட்டு வருவோரும் உளர். காரணம் அறியாமையால் ஒரு வாயில்லாப் பிராணி தன் வீட்டையே இழந்துவிடுகிறது. ஆகவே இப்பிணக்கின் காரணத்தை ஆராய்வது பயனுடையது.

மனிதர் ஒருவரையொருவர் முகத்தாலும் குரலாலும் அறிவர். பூனைக்கும் கண்ணுண்டு, காதுண்டு. எனினும் தன் கூட்டத்தது எது, அயலது எது என்று அது துணிவது பெரும்பாலும் மூக்கினாலேயே. பூனையின் கன்னம், மோவாய், நெற்றி, உள்ளங்கால், வாலின் அடி ஆகிய இடங்களில் மணச்சுரப்பிகள் உள்ளன. பூனைகள் தலையை முட்டி, உடலை உரசி, ஒன்றையொன்று நக்கும்போது அம்மணங்கள் கலந்து, அக்கூட்டத்துக்கே உரிய பொதுமணம் ஒன்று உண்டாகிறது. அதுவே அவற்றின் அடையாளச் சீட்டு. மூக்கிற்குத் துணையாக மேலண்ணத்தில் வேறோர் உறுப்பும் உண்டு. டென்மார்க்கு நாட்டு அறிஞர் யாக்கப்சன் 1813 ஆம் ஆண்டில் அதனை விவரித்தமையால், அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

வைத்தியசாலையில் அந்தப் பொதுமணம் மறைந்துவிடுகிறது. கிருமிநாசினியின் வாடையும், மருந்தின் வாடையும், அங்கு வந்த பிற நாய் பூனைகளின் வாடையும் மயிரில் ஏறிக்கொள்கின்றன. மயக்க மருந்தின் வேகம் தணியாத பூனை தள்ளாடி நடக்கும். அதன் கண்மணிகளும் விரிந்திருக்கலாம். பழகிய உருவத்துள் பழகாத விலங்கு ஒன்று புகுந்து வந்ததாகவே மற்றப் பூனைக்குத் தோன்றுகிறது. அது சீறுவது நன்றியின்மையால் அன்று, அச்சத்தால். தமிழில் ‘நாற்றம்’ என்னும் சொல் முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அருவருப்பையே குறிக்கிறது. சொல்லுக்கு அம்மாற்றம் நேரப் பல நூற்றாண்டுகள் சென்றன. பூனையின் நட்புக்கோ ஒரு பகற்பொழுது போதும்.

இச்சீற்றத்தைச் சிறிதென்று விட்டுவிடவும் கூடாது. வீட்டுப் பூனையின் மூதாதை தனித்து வேட்டையாடும் ஆபிரிக்கக் காட்டுப்பூனையாகும். சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதன் ஒருவனின் அருகே புதைக்கப்பட்ட பூனை பற்றிய செய்தி 2004 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அத்துணை நெடிய உறவு இருந்தும், சண்டைக்குப்பின் சமாதானஞ் செய்துகொள்ளும் வழக்கம் நாயிடத்துப் போலப் பூனையிடத்து வளரவில்லை. முதல் நாளிற் பெரிய சண்டை மூண்டுவிட்டால், பகை வாரக்கணக்கில் நிலைக்கக் கூடும்.

ஆதலால் வருமுன் காப்பதே முறை. பூனையைக் கொண்டு செல்லும் கூடையில் வீட்டிலே அது படுத்துறங்கிய துணியை இடவேண்டும். திரும்பியதும் மற்றதன் முன்னிலையிற் கூடையைத் திறந்துவிடாது, தனியறை ஒன்றில் உணவு, நீர், மலங்கழிக்க மணற்றட்டு ஆகியவற்றுடன் வைத்தல் வேண்டும். மயக்கம் முற்றாகத் தெளிந்து, அது தன்னைத் தானே நக்கித் துப்புரவு செய்யத் தொடங்கும்வரை குறைந்தது ஒரு நாளாவது பிரித்து வைப்பது நன்று. சத்திரசிகிச்சை செய்த இடத்தை மட்டும் நக்கவிடலாகாது. பின்னர் ஒன்றின் கன்னத்தைத் துடைத்த துணியை மற்றதன் படுக்கையருகே இடலாம். மூடிய கதவின் இருபுறமும் உணவு வைக்கலாம். இரண்டும் அமைதியாக உண்ணத் தொடங்கியபின் கதவைச் சிறிது திறந்து பார்க்கலாம். சீறினால் மீண்டும் மூடி, மறுநாள் முயலவேண்டும்.

இரண்டையும் வலிந்து நெருங்கச் செய்வதும், சீறும் பூனையைத் தண்டிப்பதும் அச்சத்தையே பெருக்கும். சண்டையின் நடுவே கையை நுழைப்பது ஆபத்து. பலகை அல்லது தடித்த அட்டை ஒன்றை இடையிற் செருகிப் பிரிக்கலாம். பூனையின் பல் கூரியது. அதன் கடி ஆழச் சென்று சீழ்பிடிக்கும். நீர்வெறுப்பு நோயும் பூனையினாற் பரவக்கூடியது. கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியரை நாடவேண்டும். மீண்டுவந்த பூனை தொடர்ந்து ஒளிந்திருந்தாலோ உணவை மறுத்தாலோ, அதற்கு வலி இருத்தல் கூடும். அதனை மறுபடியும் மிருக வைத்தியரிடம் காட்டுதல் தகும்.

மனிதரிடம் நாம் எதிர்பார்க்கும் குணங்களைக் கொண்டு விலங்கை அளந்தால், அச்சமும் நமக்குத் துரோகமாகத் தோன்றும். அந்த ஒரு தவறான தீர்ப்பினால் எத்தனையோ பூனைகள் தெருவுக்குப் போகின்றன. அவற்றின் இடையே நிற்பது பெரும்பாலும் பகையன்று, வாடைதான். சாக்கை எடுக்குமுன் கதவொன்றைச் சில நாட்கள் மூடிவைத்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை.