கொடி இறங்கும் நாள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



விழாவொன்று தொடங்கும் வேளையைப் பாடியவர்கள் நம்மிடையே அநேகர். அது முடியும் வேளையைத் திரும்பிப் பார்த்தவர்கள் சொற்பம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடி இறங்கும் நாளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அம்பாறைக் கரையோரத்தில் இந்தப் பள்ளிவாசலை அறியாதவர் இருக்க முடியாது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடக்கமான சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்த இடம் இது. பெரியாரின் அடக்கத்தலம் நாகூரில்தான் இருக்கிறது. இங்கிருப்பது நினைவிடம் மட்டுமே. கடலோடிகளும் வணிகர்களும் தாம் சென்ற கரைகளிலெல்லாம் இத்தகைய நினைவிடங்களை எழுப்பினார்கள். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா அவற்றுள் ஒன்று. பினாங்கிலும் ஒன்று உண்டு. கல்முனைக்குடியில் நிற்பது இந்தக் குடும்பத்துக் கிளை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஜமாதுல் ஆகிர் மாதத்தில் ஊருக்குள்ளிருந்து கொடி ஊர்வலமாக வந்து மினாராவில் ஏறும். பன்னிரண்டு நாட்கள் அது கடலைப் பார்த்துப் பறக்கும். மௌலித் ஓதப்படும். உலமாக்கள் உரையாற்றுவார்கள். பாவாமார் என்று நாம் அழைக்கும் பக்கீர் ஜமாஅத்தார் றபான் தட்டி, பைத் பாடி, றிபாய் றாத்திபு நடத்துவார்கள். றபான் என்பது மரவளையத்தின் ஒரு புறத்தில் தோல் போர்த்திய எளிய கருவி. கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காட்டி இறுக்கினால்தான் நாதம் திரும்பும். ஆறுதலாகத் தொடங்கும் அடி, பாட்டோடு சேர்ந்து மெல்ல மெல்ல விரைவு கொள்ளும். கேட்டு நிற்பவரின் மூச்சும் அதனோடு விரையும்.

இறுதி நாளில் கந்தூரி. சோறு பகிரப்படும். துஆ ஓதப்படும். பின்னர் கொடி இறங்கும். ஏறியபோது அண்ணாந்து பார்த்த கூட்டம், இப்போது துணி கைக்கு வந்து மடிக்கப்படுவதைக் குனிந்து பார்க்கிறது. அந்நேரத்தில் பேச்சு குறைந்துவிடும். வளையல் கடைக்காரர் தம் பலகைகளைப் பிரிப்பார். மஸ்கத் விற்றவர் தட்டுகளைக் கழுவுவார். பாவாமார் றபானைத் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த கந்தூரி ஊருக்குப் புறப்படுவார்கள். மறுநாள் மணலில் காலடிகள் மட்டுமே இருக்கும். பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள்: கொடியேற்றத்துக்குப் படமும் பத்தியும் கிடைக்கும், கொடியிறக்கத்துக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

மேல்நாட்டில் கிறிஸ்டோ, ஜீன் குளோட் என்ற கலைஞர் தம்பதியினர் 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பேர்லினிலுள்ள ஜெர்மன் பாராளுமன்றக் கட்டடம் முழுவதையும் ஒரு இலட்சம் சதுர மீற்றர் துணியால் போர்த்தினார்கள். அதற்கான அனுமதிக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார்கள். பதினான்கு நாட்கள் மட்டுமே அந்தத் துணி அங்கிருந்தது. சுமார் ஐம்பது இலட்சம் மக்கள் வந்து பார்த்தார்கள். பிறகு அது அகற்றப்பட்டது. கழற்றப்படும் என்பது தொடக்கத்திலேயே அந்தக் கலையின் பகுதியாக இருந்தது. உலகம் அதனை நவீன கலை என்று வியந்தது. நம் கரையில் ஆண்டுதோறும் பன்னிரண்டு நாட்கள் பறந்து இறங்கும் துணியை அவ்வாறு பார்க்க நமக்குத் தோன்றவில்லை. கொடி வழிபாட்டோடு இணைந்தது. பேர்லின் துணி அவ்வாறன்று. அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆயினும் இரண்டிடத்திலும் மக்களை வரவழைத்தது, இது நிலைக்காது என்ற அறிவே.

இந்தக் கடற்கரையில் நிலைக்காமை என்பது வெறும் தத்துவச் சொல்லன்று. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. பிறைக் கணக்கில் மாதங்கள் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்கின்றன அல்லவா? 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஜமாதுல் ஆகிர் மாதமும் டிசம்பர் 26உம் ஒன்றிலொன்று கலந்தன. உறவுகளை நினைத்து அழும் காலமும் றபான் ஒலிக்கும் காலமும் ஒரே கரையில் அருகருகே வந்தன. இதைவிடப் பெரிய காவியப் பொருள் ஒரு கவிஞனுக்கு எங்கே கிடைக்கும்?

இவ்வழக்கங்களை மார்க்க அடிப்படையில் ஏற்றுக்கொள்ளாதவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் நேர்மையோடு மறுக்கிறார்கள், அதனை மதிக்கிறேன். அத்தீர்ப்பு ஆலிம்களுக்கு உரியது. ஆனால் ஒரு சமூகம் இரண்டு நூற்றாண்டளவாகப் பாடி வந்ததை எழுதி வைப்பது இலக்கியத்தின் கடமை. சேகனாப் புலவர் திருக்காரணப் புராணத்திலும், குலாம் காதிறு நாவலர் நாகூர்ப் புராணத்திலும் அப்பெரியாரின் வரலாற்றைப் பாடிவைத்தனர். அவை ஏட்டில் இருப்பதால் இன்றும் கைக்கு எட்டுகின்றன. பாவாமாரின் பைத்துகளோ அவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. முதிய பாவா ஒருவர் மறையும்போது எத்தனை மெட்டுகள் அவரோடு மறைகின்றன என்று நாம் எண்ணியதுண்டா?

இது நீலாவணன் வாழ்ந்த கரை. நுஃமான் பிறந்த மண். இங்கே எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை கொடி ஏறும்போது நீங்கள் போகாவிட்டாலும் குறையில்லை. இறங்கும் நாளில் ஒரு குறிப்பேட்டோடு, முடிந்தால் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள். றபானைச் சுற்றிக் கட்டும் முதியவர் அருகில் அமர்ந்து, அவர் கற்ற பாட்டு எது, யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். அவர் நிச்சயம் சொல்லுவார். இதுவரை கேட்டவர்தான் இல்லை.