எட்டு எண்களில் ஒரு விண்கலம்

நேயர்களே, பக்கத்தில் பென்சிலும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவே உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

வானொலிக்கும் வீட்டுக் கணினிக்கும் பழைய உறவு உண்டு. 1983இல் பெல்கிரேடு வானொலியில் 'வென்டிலேட்டர் 202' என்ற நிகழ்ச்சியை நடத்திய சோரன் மோட்லி, பாட்டுகளுக்கு நடுவே காதைக் கிழிக்கும் ஒரு கிறீச்சொலியையும் ஒலிபரப்பினார். கேட்பவர்கள் அதை டேப் ரெக்கார்டரில் பதிந்து கணினிக்குக் கொடுத்தால், அது ஒரு புரோகிராமாக ஓடும். இன்று அந்த ஒலியை நான் போடப்போவதில்லை. போட்டால் நிலையத்தார் என்னை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பழைய கணினிக்கு வீட்டில் உட்கார்ந்து விண்வெளிச் சண்டை விளையாட்டு எழுதுவதைப் பற்றித்தான் பேச வந்தேன். கணினியின் பெயர் சின்கிளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ரப்பர் பட்டன்கள். திரைக்கு வீட்டு டிவி, சேமிப்புக்குப் பாட்டு கேட்கும் டேப் ரெக்கார்டர். நினைவகம் 48 கிலோபைட். காலையில் உங்கள் போனுக்கு வரும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப் படம் இதற்குள் அடங்குவது சந்தேகம்.

நம் நாட்டிலும் 1986இல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் இதை விற்றது. அதற்குச் சற்று முன் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் சில பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. கள்ளக்குறிச்சியில் வளர்ந்த நான் இரண்டையும் கண்ணால் பார்த்ததில்லை. என் ஸ்பெக்ட்ரம் எனக்கு நாற்பது வயது கடந்தபின், செகண்ட் ஹேண்டில் வந்து சேர்ந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மேல்நாட்டில் இந்த விளையாட்டுகளைப் புகழ்கிறவர்களில் பாதிப்பேர் தங்கள் பத்து வயதைத்தான் புகழ்கிறார்கள். அந்த ரப்பர் பட்டனைத் தொட்டால் அவர்களுக்கு அம்மா கையால் சாப்பிட்ட ஞாபகம் வரும். நமக்கு அந்த ஞாபகமே கிடையாது. எனவே இதை வெறும் வேலைப்பாடாக, நம்மூர் மரச்சிற்பத்தைப் பார்ப்பதுபோல, உளி பட்ட இடத்தை மட்டும் பார்த்து எடை போட நம்மால் முடியும்.

முதல் கேள்வி: ஏன் எல்லோரும் விண்வெளியையே பிடித்துக்கொள்கிறார்கள்? ராக்கெட் ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான காரணம் சிக்கனம். காடு வேண்டுமானால் மரம் வரைய வேண்டும். ஊர் வேண்டுமானால் வீடு வரைய வேண்டும். விண்வெளிக்குக் கறுப்புத் திரை போதும், அது இனாம். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுதப்பட்ட 'ஸ்பேஸ்வார்' தொடங்கி இதுதான் கதை.

இப்போது பென்சிலை எடுங்கள். எட்டுக்கு எட்டு, மொத்தம் அறுபத்துநான்கு கட்டங்கள். மேலே இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். நான் சொல்லும் எண் எந்தெந்தத் தலைப்பைக் கூட்டினால் வருமோ, அந்தக் கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். முதல் வரி 24. பதினாறும் எட்டும், நடுவில் இரண்டு கட்டம். இரண்டாம் வரியும் 24. அடுத்து 60, மறுபடி 60. பிறகு 126. பிறகு 255, அந்த வரி முழுவதும் கறுப்பு. ஏழாவது 219. கடைசி 129, இரண்டு ஓரங்கள் மட்டும். நோட்டைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். மூக்கும் இறக்கையுமாக ஒரு விண்கலம் நிற்கும். கணினிக்குள்ளும் அது இந்த எட்டு எண்கள்தான், எட்டு பைட். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1970களிலேயே தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலத்தைக் கணினிக்கான இலக்கணமாக எழுதிப் பார்த்தவர்கள்.

வரைவது எளிது, நகர்த்துவதில்தான் உயிர் போகும். டிவி திரை நொடிக்கு ஐம்பது முறை புதிதாகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்பெக்ட்ரமின் செயலிக்குக் கிடைப்பது 69,888 துடிப்பு நேரம். திரையிலுள்ள படத்துக்கு 6,144 பைட். ஒரு பைட்டை இடம்மாற்ற, வழக்கமாகப் பயன்படும் கட்டளைக்கு 21 துடிப்பு. பெருக்கிப் பார்த்தால் முழுத்திரையையும் ஒரே மூச்சில் மாற்றி எழுத முடியாது என்று தெரிந்துவிடும். ஆகவே கலம் இருந்த இடத்தை மட்டும் அழித்து, புது இடத்தில் வரைய வேண்டும். அதையும் டிவியின் கதிர் அந்த வரிக்கு வருமுன் முடிக்க வேண்டும். பிந்தினால் கலம் மினுக்கும். நன்றாக எழுதிய விளையாட்டா என்று நான் முதலில் பார்ப்பது இந்த மினுக்கலைத்தான்.

சத்தமும் அதே செயலியின் தலையில்தான். ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டி அதுவே ஒலி எழுப்ப வேண்டும்; தட்டுகிற நேரத்தில் வேறு வேலை ஓடாது. கூத்தில் ஒரே ஆள் ஆடிக்கொண்டே மத்தளமும் அடிப்பதுபோல. அதனால் குண்டு வெடித்தால் 'டுப்' என்று ஒரு சொட்டு ஒலிதான். நீட்டினால் எதிரிகள் அந்தரத்தில் உறைந்துவிடுவார்கள்.

என் விளையாட்டில் திரையின் அடியில் கல்வராயன் மலையைப் பச்சையில் வைத்தேன். வெள்ளிமலையிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, நம்ம மலை இப்படி ஊசி ஊசியாவா இருக்கு? மேல தட்டையால்ல இருக்கும்" என்றான். கச்சிராயபாளையம் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவன் சொன்னதே சரி. மாற்றினேன். தட்டை மலைக்கு நான்கே உருக்கள் போதுமாக இருந்தன, நினைவகமும் மிஞ்சியது.

ஆனால் வேறொரு வம்பு வந்தது. ஸ்பெக்ட்ரமில் ஓர் எட்டுக்கெட்டுக் கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் இருக்க முடியும். வெள்ளைக் கலம் மலையைத் தொட்டதும் அதுவும் பச்சையாகிவிட்டது. "மாமா, கப்பல் பாசி புடிச்சிருச்சு!" ஒரு வாரம் முட்டிமோதினேன். நடுவில் கரண்ட் போய், டேப்பில் ஏற்றாத ஒரு ராத்திரி வேலை காற்றோடு போயிற்று. கடைசியில் கலம் மலைக்கு இரண்டு வரிசை மேலேயே நின்றுவிடும் என்று விதி போட்டேன். அதன்பிறகுதான் விளையாட்டு சூடு பிடித்தது. எதிரி மலையில் இறங்கிவிட்டால் துரத்திப் போக முடியாது. அதற்குமுன் அடித்தாக வேண்டும்.

தடையே விளையாட்டுக்குச் சூடு ஏற்றியது என் சாமர்த்தியம் இல்லை. 1978இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' எழுதியபோது, 55 எதிரிகளை நகர்த்தச் செயலி திணறியது. சுடச்சுட எதிரிகள் குறைய, மிச்சமிருந்தவை வேகமெடுத்தன. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். அந்தப் படபடப்புக்காகத்தான் உலகமே காசு போட்டது. மரவேலையிலும் இதே கதைதான். எங்கள் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பிகளிடம் கேளுங்கள், மரத்தில் கணு வந்தால் என்ன செய்வார்கள் என்று.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இன்று இப்படி வீட்டில் எழுதப்பட்டு வரும் விளையாட்டுகளில் பலவும் பழையதை நகலெடுத்தவை. அதே அணிவகுப்பு, அதே குண்டு, நிறம் மட்டும் வேறு. அழகான முகப்புப் படத்துக்கு ஏழாயிரம் பைட் கொடுத்துவிட்டு, பட்டனை அழுத்தினால் கலம் அரை நொடி யோசிக்கிறது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் செத்தால் அது என் தவறாக இருக்க வேண்டும், பட்டனின் தவறாக இருக்கக் கூடாது. அக்கா மகன் கிராபிக்ஸைக் கிண்டல் செய்துகொண்டே என் விளையாட்டைச் சாப்பாட்டு நேரம் தாண்டி ஆடினான். பட்டனைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

எதிரிக் கலத்தை உங்களிடமே விடுகிறேன். அதுவும் எட்டே எண்கள்தான். பென்சில் தேடப் போயிருந்தவர்களுக்காக நம் கலம் இன்னொரு முறை: 24, 24, 60, 60, 126, 255, 219, 129.