இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகில் ஷட்டர் உடைந்தது. 1957-இல் திறக்கப்பட்ட அணை, மதகுகள் எட்டு. தென்பெண்ணைக் கரையில் கடலூர் வரை ஐந்து மாவட்டங்களுக்கு வெள்ள எச்சரிக்கை போனது. ஏழாண்டு ஆவதற்குள், 2024 ஆகஸ்ட் 10 இரவு, கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்து ஷட்டரை வெள்ளம் அடித்துச் சென்றது. அறுபது எழுபது வருஷம் தாங்கியது அன்றைக்கு மட்டும் ஏன் போனது என்று கேட்கிறோம். இரும்புக்கு ஆயுள் குறித்த ஜாதகம் இருப்பதுபோல் கேட்கும் கேள்வி இது. உண்மையில் இருப்பது வாய்ப்புக் கணக்கு மட்டும்தான்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1970-களின் இறுதியில் ஒரு சோதனை நடந்தது. ஒரே கலவையில், ஒரே அளவில் 68 அலுமினியத் தகடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். 9 மில்லிமீட்டர் விரிசல் ஏறத்தாழ 50 மில்லிமீட்டராக வளர, சிலவற்றுக்குச் சுமார் 2.2 லட்சம் சுற்று போதுமாக இருந்தது, சிலவற்றுக்கு 3.2 லட்சம் தேவைப்பட்டது. ஆய்வுக்கூடத்திலேயே இந்த வித்தியாசம் என்றால், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூர் வழியாக இரவெல்லாம் லாரி ஓடும் நெடுஞ்சாலையில் ஓர் எஃகுப் பாலத்தின் கதி என்ன? எஃகில் விரிசலின் வளர்ச்சி வேகம் ஏறத்தாழ சுமையின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். கால் பங்கு பாரம் கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சராசரி லாரியை வைத்துக் கணக்குப் போட்டால், சேதத்தைச் செய்கிற லாரி கணக்குக்கு வெளியே நிற்கும்.

இரண்டு மூன்று மடங்கு பலமாகக் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கட்டிய அன்றைக்குப் போதும்தான். ஆனால் அந்த உபரி பலத்தைத்தான் துருவும் விரிசலும் ஆண்டுதோறும் தின்கின்றன. அணை ஷட்டர்களில் துருவின் பங்கு பெரிது, பாலங்களில், திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் விரிசல் வளரும் உலோகச் சோர்வின் பங்கு பெரிது. கணக்கின் முறை ஒன்றே. எண்ணிக்கையும் நமக்கு எதிராக நிற்கிறது. துங்கபத்ராவில் 33 மதகுகள். ஒரு பேச்சுக்கு, ஒவ்வொன்றும் ஓராண்டில் உடைய நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். ஏதாவது ஒன்றாவது உடைய நூற்றில் 28 வாய்ப்பு. ஒன்றின் பலவீனம் மற்றதைச் சாராது என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. ஒரே வயது, ஒரே தண்ணீர் என்றால் ஒன்று உடைந்த சேதியே மற்றவற்றின் மீதும் சந்தேகத்தை ஏற்றும். கிருஷ்ணகிரியில் மீதி ஏழு ஷட்டர்களையும் பிற்பாடு மாற்றியது, அந்த வகையில், சரியான முடிவு.

தரவே இல்லாதபோது வாய்ப்பு என்பது பொறியாளர் தப்பித்துக்கொள்ளும் வழிதானே என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. வாகனத் தொழிலைப் பாருங்கள். ஆக்சிலையும் ஸ்பிரிங் பட்டையையும் உடையும்வரை ஆட்டிப் பார்த்து, எது எத்தனை சுற்றில் போனது என்று குறித்து வைப்பது அங்கே வழக்கம். அணையை அப்படி உடைத்துப் பார்க்க முடியாது. ஆனால் தகட்டின் கனத்தை அளக்கலாம், மீயொலி கொண்டு விரிசலைத் தேடலாம். எவ்வளவு சிறிய விரிசல் அந்தக் கருவிக்குத் தப்பும் என்று தெரிந்திருந்தால், ஒன்றும் அகப்படாத சோதனையும் கணக்கைத் திருத்தும். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் இடர் மதிப்பீட்டைக் கேட்கிறது. அந்த மதிப்பீட்டைக் கரையோர மக்களுக்குச் சொன்னால் பீதி கிளம்பும் என்பார்கள். மழைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று வானிலை அறிக்கையில் கேட்டு விதைப்பவர்களுக்கு, எந்த ஷட்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அடுத்த சோதனை எந்த ஆண்டில் என்று சொன்னால் புரியாமல் போகாது.